வீட்டில் ஓடும் பைதான் நிரல் கடையில் ஏன் நேம்எரர் தருகிறது?

கேள்வி: மாட்டுத்தாவணி பூச்சந்தையில் இருக்கும் எங்கள் கமிஷன் கடைக்குப் பைதானில் பில் போடும் நிரல் எழுதியிருக்கிறேன். 'ரசீது' என்ற கிளாஸுக்குள் 'திருத்து' என்றொரு மெத்தட். எடை மாறினால் புது ரசீது போட்டுத் தரும். அதனால் ரிட்டர்ன் டைப்பையும் 'ரசீது' என்றே குறித்தேன். வீட்டு லேப்டாப்பில் (3.14) சிக்கலில்லை. கடை கணினியில் (3.11) திறந்த உடனே, 'ரசீது' என்ற பெயரே இல்லை என்று நேம்எரர் வருகிறது. — வாசகர், மதுரை

பதில்: டைப் குறிப்பை (எந்த வகை மதிப்பு என்று எழுதிவைக்கும் அனோட்டேஷனை) பைதான் எப்போது கணக்கிடுகிறது என்பதில்தான் வித்தியாசம். 3.13 வரை, மெத்தடைத் தொடங்கும் டெஃப் வரி ஓடும்போதே அதிலுள்ள குறிப்புகளும் கணக்கிடப்படும். ஆனால் கிளாஸின் உள்ளே இருப்பதெல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் 'ரசீது' என்ற பெயர் உருவாகும். 'திருத்து' வரியில் நிற்கும்போது அந்தப் பெயர் இன்னும் பிறக்கவில்லை. 2025 அக்டோபரில் வந்த 3.14, குறிப்பைச் சிறு ஃபங்ஷனாக மடித்து வைத்துவிட்டு, யாராவது கேட்கும்போதுதான் பிரிக்கிறது. (தமிழில் பெயர் வைத்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை, பைதான் 3 அதை ஏற்கும்.)

இந்த ஒரு மெத்தடுக்கு டைப்பிங் மாட்யூலில் உள்ள 'செல்ஃப்' (தன் சொந்தக் கிளாஸ் என்று பொருள்) போதும், 3.11-லேயே உண்டு. பின்னால் 'கடன்_ரசீது' என்று சப்கிளாஸ் எழுதினாலும் சரியான டைப்பே வரும். 'ரசீது', 'வியாபாரி' என இரு கிளாஸ்கள் ஒன்றையொன்று குறிப்பிட்டால் ஃபைலின் தலையில் 'ஃப்ரம் __ஃப்யூச்சர்__ இம்போர்ட் அனோட்டேஷன்ஸ்' என்ற வரியைப் போடுங்கள். இது 3.7 முதல் இருக்கிறது. அதற்கு மேலே கமெண்ட், டாக்ஸ்ட்ரிங் இருக்கலாம். சாதாரண இம்போர்ட் ஒன்று வந்தாலும் சின்டாக்ஸ் எரர்தான்.

பெயரை மேற்கோள்குறிக்குள் போடுவதும் பழைய வழி. அதில் பலரும் ஓரிடத்தில் சறுக்குவார்கள்: 'வியாபாரி'யை மட்டும் மேற்கோளில் அடைத்து, வெளியே செங்குத்துக்கோடு போட்டு 'நன்' (மதிப்பு ஏதுமில்லை என்று பொருள்) எழுதினால் டைப்எரர் வரும். ஸ்ட்ரிங்கையும் நன்னையும் அந்தக் கோட்டால் சேர்க்க முடியாது. முழுக் குறிப்பையும் ஒரே மேற்கோளுக்குள் வையுங்கள்.

ஃப்யூச்சர் வரிக்கும் ஒரு விலை உண்டு. அந்த ஃபைலின் குறிப்புகள் அனைத்தும் வெறும் ஸ்ட்ரிங்குகளாகிவிடும். பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற லைப்ரரிகள் ஓடும் நேரத்தில் குறிப்பைப் படித்து வேலை செய்பவை. ஸ்ட்ரிங்கிலிருந்து நிஜக் கிளாஸை அவை தேடிப் பிடிக்க வேண்டும். ஃபங்ஷனுக்குள் வரையறுத்த கிளாஸ் அந்தத் தேடலில் சிக்காமல் போகலாம். இந்த வரியின் நடத்தையை 3.10-இல் எல்லோருக்கும் இயல்பாக்க இருந்த திட்டம் 2021-இல் தள்ளிவைக்கப்பட்டதும் இதனால்தான். ஆகவே இப்படிப்பட்ட கிளாஸ்களை ஃபைலின் மேல்மட்டத்திலேயே எழுதுங்கள்.

3.14-லும் எல்லாமே தள்ளிப்போவதில்லை. டிஃபால்ட் மதிப்பு, பேஸ் கிளாஸ், டெக்கரேட்டர் மூன்றும் அப்போதைக்கப்போதே கணக்கிடப்படும். 'பூ' கிளாஸுக்கு மேலேயே 'பூப்பட்டியல்' என்ற பெயருக்கு 'பூ'க்களின் லிஸ்ட் டைப்பைச் சமக்குறி போட்டுக் கொடுத்தால், அது குறிப்பல்ல, சாதாரண அசைன்மென்ட்; நேம்எரர் வரும். அதைக் கிளாஸுக்குக் கீழே இறக்குங்கள். இரண்டு ஃபைல்கள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்து முட்டிக்கொள்வதும் தனி நோய். குறிப்புக்கு மட்டுமே தேவைப்படும் இம்போர்ட்டை டைப்பிங் மாட்யூலின் 'டைப்_செக்கிங்' நிபந்தனைக்குள் (நிரல் ஓடும்போது இது பொய்யாகவே இருக்கும்) வைத்து, ஃப்யூச்சர் வரியையும் சேர்த்தால் 3.11-லும் ஓடும்.

லேப்டாப்பில் மட்டும் தலைகாட்டக்கூடிய கோளாறும் ஒன்று உண்டு. கிளாஸுக்குள் 'லிஸ்ட்' என்றே ஒரு மெத்தடுக்குப் பெயர் வைத்து, அதற்கு மேலே இன்னொரு மெத்தடின் குறிப்பில் லிஸ்ட் டைப்பைச் சதுர அடைப்புக்குறியோடு பயன்படுத்தினால், பழைய பைதானில் அது உள்ளமைந்த லிஸ்ட்டையே எடுக்கும். 3.14-இல் குறிப்பு பின்னால் பிரிக்கப்படுவதால் உங்கள் மெத்தடைப் பிடித்துக்கொண்டு டைப்எரர் தரும், அதுவும் யாராவது படிக்கும்போதுதான். மெத்தடுக்கு 'பட்டியலிடு' என்று பெயர் மாற்றிவிடுங்கள்.

லேப்டாப்பிலேயே 3.11-ஐயும் நிறுவி, தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு கடைக்குக் கொண்டுபோங்கள். ஃப்யூச்சர் வரி 3.14-லும் பழையபடியே வேலை செய்யும், 3.13-இன் ஆயுள் முடியும் 2029 வரை அதை நீக்கப்போவதில்லை.