ஜூரி இருக்கும்போதே கேட்டுவிடலாமா?

லண்டன் ஹரோவில் இருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கோவில் நிர்வாக சபையில் கணக்குத் தகராறு. அன்னதான மண்டபத்தில் வாய்த்தர்க்கம் முற்றி இவர் தள்ள, மற்றவர் எவர்சில்வர் மேசை விளிம்பில் மோதி நெற்றியில் காயம். தையல் போடவில்லை, ஒட்டுப்பட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். உடற்காயம் விளைவித்த தாக்குதல் என்று குற்றம் சுமத்தப்பட்டிருக்கிறது. அடுத்த வாரம் நீதிமன்றத்தில் முதல் தவணை. ஜூரி என்பது குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் பன்னிரண்டு பொதுமக்கள். பல வழக்குகளில் அதை எடுத்துவிட இங்கிலாந்தில் அரசு சட்டமூலம் கொண்டுவந்திருக்கிறது. அவர் கேட்பது:

"ஜூரியை எடுக்கப்போகிறார்களாம். சட்டம் வருவதற்கு முன் நான் ஜூரியைக் கேட்டுவிட்டால் என் வழக்குத் தப்பிவிடும்தானே? ஊரில் நீதிபதிகளிடம் எங்களுக்கு நியாயம் கிடைத்ததில்லை. பன்னிரண்டு பேர் இருந்து கேட்டால், அம்மாவைப் பற்றி அப்படிச் சொன்னவனை யாரும் தள்ளித்தான் இருப்பார்கள் என்று விளங்கும். இதற்கிடையில் பெரியப்பா முறையான ஒருவர் காயப்பட்டவரோடு பேசி முடிக்கப் பார்க்கிறார். எனக்கு நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன்."

பதில்:

கோவில் கணக்குக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதை அப்படியே மூடிவைக்கிறேன். யார் கள்ளக்கணக்கு எழுதினார் என்று இந்த வழக்கில் யாரும் கேட்கப்போவதில்லை.

எனக்கு வேண்டியது இரண்டாம் பக்கத்தில் இருக்கும் ஒரே வரி: "அவன் அம்மாவை இழுத்தான், நான் தள்ளினேன்." இங்கிலாந்துச் சட்டத்தில் வசைச்சொல் தாக்குதலுக்கு எதிர்வாதம் ஆகாது. தண்டனையை இறக்க உதவும், அவ்வளவுதான். அவர் கை ஓங்கினாரா, உங்களை நெருக்கிக்கொண்டு வந்தாரா, அடி விழும் என்று நீங்கள் உண்மையாகவே பயந்தீர்களா? அப்படியென்றால் அது தற்காப்பு. எந்த மன்றிலும் நின்று வாதாடலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், ஜூரியிடம் நீங்கள் தேடுவது அனுதாபம். உங்கள் ஊர்ச்சண்டையின் சூடு மொழிபெயர்ப்பாளர் வழியாக அந்தப் பன்னிரண்டு பேரிடம் போய்ச் சேரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று யோசியுங்கள்.

இனி சட்டமூலம். ஜூரி இருந்து பெரிய வழக்குகளைக் கேட்கும் கிரவுன் நீதிமன்றங்களில் ஏறத்தாழ 80,000 வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. 2025 ஜூலையில் ஓய்வுபெற்ற மூத்த நீதிபதி சேர் பிரையன் லெவிசனின் அறிக்கை வந்தது. டிசம்பரில் நீதியமைச்சர் டேவிட் லாமி அதையும் தாண்டிப் போனார். லெவிசன் ஒரு நீதிபதியோடு, பொதுமக்களிலிருந்து வரும் இரண்டு மஜிஸ்திரேட்டுகளை இருத்தச் சொன்னார். அரசு, மூன்று ஆண்டு வரை தண்டனை எதிர்பார்க்கக்கூடிய வழக்குகளைத் தனி நீதிபதியிடம் கொடுக்க விரும்புகிறது. ஜூரியைத் தேர்ந்துகொள்ளும் உங்கள் உரிமையும் அதோடு போகும். நான் இதை மனதார எதிர்க்கிறேன். என் தொகுதி எம்.பி.க்கு எழுதியும் இருக்கிறேன். 2017இல் இதே லாமி எழுதிய அறிக்கைதான், நீதித்துறையில் நிறம் பார்க்காமல் நடக்கும் இடம் ஜூரி என்று எங்களைப் போன்றவர்களுக்கு எடுத்துச் சொன்னது. அதை நான் மறக்கவில்லை.

ஆனால் ஊரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். இலங்கையில் தமிழ் எம்.பி. ரவிராஜ் கொலை வழக்கில் 2016 டிசம்பரில் குற்றம் சுமத்தப்பட்டவர்களை விடுவித்தது ஒரு ஜூரிதான். பள்ளி மாணவி கிருஷாந்தி கொலை வழக்கில் 1998இல் இராணுவத்தினருக்குத் தண்டனை கொடுத்தது ஜூரி இல்லாத மூன்று நீதிபதிகளின் அமர்வு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்று ஜூரியைக் கேட்டால் வழக்குத் தப்பிவிடும் என்பது தவறு. நடைமுறைச் சட்டம் மாறும்போது நிலுவையில் உள்ள வழக்குகளையும் அது பிடிக்கும் என்பதுதான் இங்குள்ள பொது நிலை. விசாரணை தொடங்காமல் வரிசையில் நிற்கும் வழக்குகளையும் சேர்த்துத்தான் அரசும் திட்டமிடுகிறது. தேக்கத்தைக் குறைக்க வரும் சட்டம் தேங்கிய வழக்குகளை விட்டுவைக்குமா? நீங்கள் இன்று ஜூரி கேட்டு, இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்து, கடைசியில் தனி நீதிபதி முன் போய் நிற்கலாம்.

பிரபுக்கள் சபை இதைக் கவிழ்த்துவிடும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நடக்கலாம். ஜாக் ஸ்ட்ரா உள்துறைச் செயலராக இருந்தபோது இதே தேர்வுரிமையைப் பறிக்கக் கொண்டுவந்த சட்டமூலங்களை 2000இல் அந்தச் சபை இரண்டு முறை தோற்கடித்தது. இந்தத் திட்டம் தொழிற்கட்சியின் 2024 தேர்தல் அறிக்கையில் இருக்கவில்லை என்பதால் இம்முறையும் அதை எதிர்க்க அவர்களுக்குத் தயக்கம் குறையும். நிறைவேறிய சட்டமே கிடப்பில் போனதும் உண்டு: பெரிய மோசடி வழக்குகளை ஜூரி இல்லாமல் நடத்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது, ஒரு நாளும் நடைமுறைக்கு வராமலே 2012இல் நீக்கப்பட்டது. அதனால்தான் சொல்கிறேன், பாராளுமன்றத்தைப் பார்த்து வழக்கைத் திட்டமிடாதீர்கள். எந்தப் பக்கம் பந்தயம் கட்டினாலும் பணயம் உங்கள் வதிவிட உரிமைதான்.

காத்திருப்பதற்கும் விலை இருக்கிறது. முதல் தவணையில் குற்றத்தை ஏற்றால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். விசாரணைத் தொடக்க நாளில் மனம் மாறினால் பத்தில் ஒன்றுதான். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் ஜூரியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தவணை இரண்டு முறை தள்ளிப்போனது. அவர் போகக்கூடாத தெருவில்தான் அவருடைய தாயாரின் வீடு. பிணை நிபந்தனையை மாற்றியெடுக்க நாங்கள் மூன்று முறை மன்றேறினோம். ஒவ்வொரு ஞாயிறும் தாயைக் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையில்தான் பார்த்தார்.

உங்களுக்கு முக்கியமான எண் 12. பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விழுந்தால், 2007ஆம் ஆண்டு எல்லைச் சட்டத்தின்படி பிரித்தானியக் குடியுரிமை இல்லாதவரை நாடுகடத்தும் ஆணை தானாகவே தொடங்கும். விதிவிலக்குகளைக் காட்டிப் போராடுவது தனி யுத்தம். மஜிஸ்திரேட் நீதிமன்றம் சின்ன நீதிமன்றம், அங்கே பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு குற்றத்துக்கு 12 மாதம் வரை கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இப்போதே இருக்கிறது. சட்டமூலம் அதை 18 ஆக்கும், தேவைப்பட்டால் 24 வரை உயர்த்த வழி வைக்கும். இன்று அங்கிருந்து கிரவுன் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. இனி அனுமதி கேட்க வேண்டிவரும். ஜூரி பறிபோகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் ஆட்களுக்கு இந்த மேன்முறையீட்டு மாற்றம்தான் அதிகம் வலிக்கும் என்று நான் நினைக்கிறேன். மொழி தெரியாமல் முதல் மன்றில் சொதப்பியவர்களுக்கு அதுதான் இரண்டாவது வாசலாக இருந்தது.

உங்கள் காயத்தின் அளவுக்குத் தண்டனை 12 மாதத்தை எட்டுவது அரிது. என்னை உண்மையில் பயமுறுத்துவது உங்கள் கடிதத்தில் வரும் அந்தப் பெரியப்பா.

பேசித் தீர்ப்பது எங்கள் பழக்கம். ஊரில் அது நல்ல பழக்கமும்கூட. இங்கே வழக்கு முறைப்பாட்டாளருடையது அல்ல, அரச வழக்குத்தொடுநர் சேவையுடையது. அவர் வேண்டாம் என்று சொன்னாலும் அவர்கள் நடத்தலாம். அவரோடு நேரிலோ மற்றவர் மூலமோ தொடர்பு கொள்ளக்கூடாது என்று உங்கள் பிணைத்தாளில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞருக்காக வாதாடினேன். பலவீனமான வழக்கு, வென்றிருப்போம். அவருடைய மாமா முறைப்பாட்டாளருக்கு வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார்: "நீ வழக்கை எடு தம்பி, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் மாமா நினைத்துச் சொன்னார் என்று நான் இன்றும் நம்புகிறேன். மன்றில் அதைப் போட்டுக் காட்டினார்கள். "பார்த்துக்கொள்கிறோம்" என்ற சொல் ஆங்கிலத்தில் மிரட்டலாக வந்து விழுந்தது. இளைஞர்தான் சொல்லி அனுப்பினார் என்று தொலைபேசிப் பதிவுகள் காட்டின. முதல் வழக்கில் விடுதலை, இரண்டாவதில் சிறை. சாட்சியை மிரட்டினால் ஐந்து ஆண்டு வரை போகலாம். நீதியின் போக்கைத் திரித்தல் என்று சுமத்தினால் உச்ச தண்டனை ஆயுள். பன்னிரண்டு மாத எல்லையை உங்களைத் தாண்டவைப்பது இதுதான்.

பேசித் தீருங்கள், ஆனால் சொலிசிட்டர் மூலம், வழக்குத்தொடுநரோடு. தற்காப்பு இல்லையென்று உங்கள் மனதுக்குத் தெரிந்தால், தையல் இல்லாத காயத்தைக் காட்டி, குற்றச்சாட்டைச் சாதாரண தாக்குதலாக இறக்கக் கேட்கச் சொல்லுங்கள். அதன் உச்சம் ஆறு மாதம், ஜூரி என்ற பேச்சே எழாது. நடத்தைப் பிணையோடு, அதாவது இனி ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதியோடு, முடிக்க முடியுமா என்றும் கேட்கட்டும். இணங்கினால் குற்றத் தீர்ப்பே இருக்காது. குடியுரிமை விண்ணப்பத்தில் இந்த வழக்கை மறைக்காதீர்கள். மறைத்தது பிடிபட்டால் அந்த விண்ணப்பம் அதோடு முடிந்தது.

தற்காப்பு உண்டென்றால் நான் சமரசம் சொல்லமாட்டேன். அப்போது சொலிசிட்டரோடு இருந்து ஜூரியைக் கேட்பதா என்று முடிவெடுங்கள், மண்டபத்துக் கமராப் பதிவு அழியும் முன் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

இன்றிரவே அந்தப் பெரியப்பாவுக்கு எழுத்தில் அனுப்புங்கள்: "தயவுசெய்து அவரோடு எதுவும் பேச வேண்டாம். நான் கேட்கவும் இல்லை, விரும்பவும் இல்லை." அதன் பிரதியை உங்கள் சொலிசிட்டரிடம் கொடுங்கள். ஏற்கெனவே பேசிவிட்டார் என்றால் அதையும் முதல் தவணைக்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.