ஆறு மாதக் குழந்தையின் உணவில் சீரகம், ஓமம், வசம்பு போன்றவற்றை எப்போதிலிருந்து சேர்க்கலாம்?

பெங்களூரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்து, வசம்பு, ஜாதிக்காய் போன்றவற்றைக் கல்லில் உரைத்துப் புகட்டும் உரைமருந்துப் பேச்சைத் தொடங்கியிருப்பார்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மகளுக்கு அப்போது நாலு மாதம். சாயந்திரமானால் காலை மடக்கி மடக்கி அழுவாள். எங்கள் அல்சூர் வீட்டுக்கு வந்திருந்த அத்தை, மூன்று பிள்ளைகளுக்கு உரைமருந்து கொடுத்து வளர்த்தவர். வசம்பை விளக்கில் சுட்டு, கல்லில் தாய்ப்பால் விட்டு ஒரே ஒரு சுற்று உரைப்பார். இரண்டாவது சுற்று கிடையாது. அந்தக் கல் கும்பகோணத்திலேயே தங்கிவிட்டது. சரி என்று பக்கத்துக் கிரந்திகே அங்கடியில் (இங்கே நாட்டு மருந்துக் கடை) வசம்புப் பொடி வாங்கி, தேனில் குழைத்து நாக்கில் தடவிவிட்டார். ஒரு சுற்று எங்கே, ஒரு சிட்டிகைப் பொடி எங்கே? ராத்திரிக்குள் ஐந்து தடவை வாந்தி. அப்புறம் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாள். "வாயில் என்ன வைத்தீர்கள்?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அத்தை மறைக்காமல் இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அதற்காக இன்றும் அவர் மேல் மரியாதை உண்டு. இரண்டு நாளில் பிள்ளை தேறிவிட்டாள்.

"நாங்களெல்லாம் அதைக் குடித்துத்தானே வளர்ந்தோம்" என்று சண்டைக்கு வராதீர்கள். பாட்டி வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். ஜாதிக்காயும் அளவு மீறினால் ஆபத்து. தேன் ஒரு வயது முடியும்வரை வேண்டவே வேண்டாம். அதில் பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயின் கிருமி வித்துகள் இருக்கலாம், கொதிக்க வைத்தாலும் சாகாது.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் சீரகம், ஓமம் போன்றவற்றை மட்டும் சமையலில் போடுவதுபோலக் கொஞ்சமாகப் போடுங்கள். பருப்பு வேகும்போது நாலு சீரகம், ஒரு நாள் கொத்தமல்லித் தழை. இங்கே தள்ளுவண்டியில் சப்பசிகே சொப்பு என்று விற்பது நம் சதகுப்பைக் கீரைதான். மண் போக அலசி, இரண்டு கொத்தைப் பருப்போடு குழைய வேகவைத்து மசித்தேன். வாசனைக்கே வாயைத் திறந்தாள். ஒன்றைப் புதிதாகக் கொடுத்தால் மூன்று நாளைக்கு வேறு புதிது வேண்டாம். தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு வருகிறதா என்று பாருங்கள்.

பாருங்கள் என்றால் யார் பார்ப்பது? அப்போது 2017 சட்டத்திருத்தப்படி பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் எனக்குப் பிரசவத்துக்கு முன்னாலேயே இரண்டு வாரம் போய்விட்டது. முதல் கரண்டி ஊட்டும் நேரத்தில் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. எங்கள் ஆபீஸில் அதற்கென்று இருந்த அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். மூன்று மெயில் அனுப்பினேன், ஒரு பதில் இல்லை.

கடைசியில் அத்தைதான் பார்த்துக்கொண்டார். சாயந்திரம் வந்தால் கிழித்த காலண்டர்த் தாளின் பின்பக்கம் அவர் கையெழுத்தில் இருக்கும்: "கொத்தமல்லி. ரெண்டாம் நாள். தடிப்பு இல்லை."