இரண்டு கமரா, ஒரு புள்ளி: கேள்வி பதில்

இரண்டு கமராவால் தூரம் அளப்பது பற்றி வன்னிப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

மாங்குளம்: அண்ணா, இரண்டு படத்திலிருந்து தூரம் எப்படிக் கிடைக்கிறது?

கிட்ட இருக்கும் பொருள் இரண்டு படங்களுக்கிடையே கூடுதலாக விலகும், தூர இருப்பது குறைவாக விலகும். குவியத்தூரத்தைக் கமராக்களின் இடைவெளியால் பெருக்கி, விலகலால் வகுத்தால் தூரம். குவியத்தூரம் 800 பிக்சல், இடைவெளி 12 சென்ரிமீற்றர், விலகல் 8 பிக்சல் என்றால் 12 மீற்றர். ஒரு பிக்சல் குறைத்து எடுத்தால் 13.7 ஆகும், பரவாயில்லை. ஆனால் 40 மீற்றரில் விலகலே 2.4 பிக்சல்தான். அங்கே அதே பிழை 40-ஐக் கிட்டத்தட்ட 69 ஆக்கிவிடும்.

ஒட்டுசுட்டான்: யானை வருவதைப் பார்க்க வயல் கரையில் இரண்டு கமரா பூட்டினேன். இரண்டு படத்திலும் ஒரே புள்ளியைத் தேடிச் சோடி சேர்க்கும் சிஃப்ட் (SIFT) முறையைப் போட்டும் நெல்லும் பனையும் தாறுமாறாகப் பொருந்துகின்றன.

தம்பி, பிழை சிஃப்ட்டில் இல்லை. அது ஒவ்வொரு புள்ளியையும் 128 எண்களால் விவரிக்கிறது. நெல் வயலில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு அந்த எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். பொருத்தம் தேடுவதைவிடச் சந்தேகமானதைக் கழிப்பதுதான் இங்கே பெரிய வேலை.

சிஃப்ட்டை உருவாக்கிய டேவிட் லோ 2004இல் எழுதிய கட்டுரையிலேயே வழி இருக்கிறது: மிக நெருங்கிய பொருத்தத்தின் வேறுபாடு, இரண்டாவதின் வேறுபாட்டில் 0.8 மடங்குக்கு மேல் வந்தால் தூக்கிப் போடுங்கள். வயலில் முக்கால்வாசி போய்விடும், போகட்டும். அப்புறம் சதுரங்கக் கட்டம் அச்சிட்ட அட்டையை வைத்து இரண்டு கமராவையும் கலிபிரேட் செய்து (வில்லையின் அளவுகளையும் கமராக்கள் நிற்கும் நிலையையும் கணித்து) படங்களை நேராக்குங்கள். அதன்பின் சரியான சோடி ஒரே கிடைவரிசையில்தான் இருக்க வேண்டும். இரண்டு பிக்சல் மேலே கீழே போனாலும் வேண்டாம். இடப் படத்திலிருந்து வலத்துக்கும், வலத்திலிருந்து இடத்துக்கும் தேடி, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் வைத்திருங்கள்.

பனை வரிசை இத்தனைக்கும் தப்பும், ஏனென்றால் அடுத்த பனையும் அதே கிடைவரிசையில் நிற்கிறது. கமராச் சட்டத்தைக் கொஞ்சம் சரித்துப் பூட்டிப் பாருங்கள். தேடும் கோடும் சரியும், அடுத்த பனையின் அதே உயரத்தைத் தொடாது. அடிமரத்தை விட்டு உச்சியில் வட்டுப் பக்கமே புள்ளி எடுங்கள், ஓலைகள் மரத்துக்கு மரம் வேறுபடும்.

கிளிநொச்சி: ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓட சிஃப்ட்டா, ஓர்ப்பா (ORB)?

ஓர்ப். அதுவும் புள்ளிகளைப் பொருத்தும் முறைதான், ஆனால் ஒரு புள்ளியை 0, 1 என்ற 256 பிட்டால் விவரிக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கிடையே எத்தனை பிட் மாறுகின்றன என்று எண்ணினால் போதும், வேகம். சிஃப்ட்டின் காப்புரிமை 2020இல் முடிந்துவிட்டது, ஓப்பன்சிவி என்ற இலவசப் பட ஆய்வு மென்பொருள் தொகுப்பில் இப்போது தடையின்றிக் கிடைக்கும்.

கிளிநொச்சி: இரணைமடுக் குளத்து நீரில் நன்றாகப் பொருந்துகிறது, தூரம் மட்டும் பிழை.

தங்கச்சி, பொருந்துவது நீர் அல்ல, அதில் தெரியும் மரத்தின் விம்பம். விம்பம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலவே நிற்கும், அந்தத் தூரம்தான் வரும். இடவல சோதனையும் அதைப் பிடிக்காது. படத்தில் நீர்ப்பரப்பை மறைத்து விலக்குங்கள், குளக்கட்டை மட்டும் அளவிடுங்கள்.

முள்ளியவளை: கலிபிரேட் செய்யாமல், பிழையான சோடிகளைக் கழிக்கும் ரான்சாக் (RANSAC) முறை மட்டும் போதாதா?

வெட்டை வெளியில் போதாது. ரான்சாக் சோடிகளைச் சோதிப்பது, இரண்டு படங்களின் உறவைச் சொல்லும் அடிப்படை அணி என்ற எண் அட்டவணையை வைத்துத்தான். புள்ளிகள் எல்லாம் ஒரே தட்டையான பரப்பில் கிடந்தால், அந்த அணியை ஒரே விதமாகத் தீர்மானிக்க முடியாது. வரப்பு, வேலி, மரம் என்று உயரம் மாறுபவை படத்தில் இருக்கட்டும்.