சட்ட எழுத்தை எங்கிருந்து பழகுவது?

கோவையில் சட்டம் படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி: "தீர்ப்புகளைத் தேடி எடுத்துவிடுகிறேன். மூட் கோர்ட் மெமோரியல் (மாதிரி நீதிமன்றத்துக்கான எழுத்து வாதம்) எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எப்படிப் பழகுவது?"

நம்ம ஊர் வழக்கிலேயே பழகுங்க தம்பி. நொய்யலில் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை வீணாகி, ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2006-இல் அங்கே தீர்ப்பு. 2009-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டைத் திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குப் பொருத்தியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது.

2009 தீர்ப்பை முழுசாகப் படியுங்கள். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகவே படிக்கலாம். தீர்ப்புக்கு மேலே இருக்கும் தலைக்குறிப்பை, அதாவது சுருக்கத்தை, மட்டும் நம்பி மேற்கோள் காட்டவே கூடாது, அது நீதிபதி எழுதியதல்ல. அரசியலமைப்பின் 141-ஆவது பிரிவுப்படி மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது முடிவுக்கு ஆதாரமான சட்டக் காரணம்தான். போகிற போக்கில் சொன்ன கருத்து அல்ல. அந்தக் காரணத்தை உங்கள் சொந்த வார்த்தையில் நான்கு வரியில் எழுதுங்கள். முதல் பத்து முறை தப்பாகத்தான் வரும், விடாதீங்க.

பிறகு மெமோரியலை எழுவினா (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்வி), சட்டம், பொருத்தம், முடிவு என்ற வரிசையில் எழுதுங்கள். பெரும்பாலோர் சட்டத்தைப் பக்கம் பக்கமாக அடுக்கிவிட்டு, அது இந்த விவசாயியின் கிணற்றுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உங்கள் பக்கங்களில் பாதி அந்தப் பொருத்தத்துக்கே போகட்டும்.

குற்ற வழக்கென்றால் முதலில் சம்பவத் தேதியைப் பாருங்கள்: 2024 ஜூலை 1-க்கு முன் என்றால் இந்திய தண்டனைச் சட்டம், அன்றிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா.