"என்கிட்ட ஒத்துக்கிட்டான்" என்று சக கைதி சாட்சி சொன்னால்?

பல்லடத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். தறி ஓட்டும் அவருடைய அண்ணன் கொலை வழக்கில் ரிமாண்டாகி கோவை மத்திய சிறையில் இருக்கிறார். சார்ஜ் ஷீட்டில் ஒரு சாட்சி, அதே பிளாக்கில் இருந்த திருட்டு வழக்குக் கைதி. 'நான்தான் வெட்டினேன், அரிவாளை பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணியில வீசிட்டேன்னு ராத்திரி என்கிட்ட சொன்னான்' என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். "இந்த ஒருத்தர் பேச்சை வச்சே தண்டனை கொடுத்துடுவாங்களாங்க?" என்று கேட்கிறார்.

அம்மணி, இதற்கு ஒரே வார்த்தையில் 'இல்லை' என்று சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை.

போலீஸ் காவலில் இருக்கும்போது ஒருவர் குற்றத்தை ஒத்துக்கொண்டால், மாஜிஸ்திரேட் முன்னிலையில் சொன்னதாக இருந்தாலொழிய அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-வது பிரிவு அது. வக்கீல்கள் இன்னும் பழக்கத்தில் பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26 என்பார்கள். ஆனால் மத்திய சிறை நீதிமன்றக் காவல். சக கைதியும் போலீஸ் இல்லை. அதனால் இந்தத் தடை பொதுவாக அங்கே உதவாது. அண்ணன் அப்படிச் சொன்னதாகக் குறிப்பிடும் தேதியில் ஸ்டேஷன் லாக்கப்பில் இருந்தாரா, சிறைக்குப் போய்விட்டாரா என்பதை முதலில் பாருங்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே ஒத்துக்கொண்டதாகச் சொல்லப்படுவது பலவீனமான சாட்சியம், நம்பும்படி இருக்க வேண்டும், மற்ற சூழ்நிலைகளும் அதற்கு வலு சேர்க்க வேண்டும் என்று சகாதேவன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. பலவீனம்தான், ஆனாலும் அசட்டையாக விட்டால் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும். அமெரிக்காவில் மரண தண்டனை பெற்றுப் பிறகு நிரபராதி என்று வெளியே வந்த 111 பேரைப் பற்றிச் சுமார் 20 வருஷத்துக்கு முன் ஓர் ஆய்வு வந்தது. அதில் 51 வழக்குகளில் இப்படி ஏதாவது சலுகையை எதிர்பார்த்துச் சொல்லும் ஆதாய சாட்சிகள் இருந்தார்கள். 1988-ல் லாஸ் ஏஞ்சலிஸ் சிறையில் லெஸ்லி ஒயிட் என்ற கைதி, தான் பார்த்தே இராத ஒருவர் ஒத்துக்கொண்டதாக எப்படிக் கதை கட்டலாம் என்று செய்தே காட்டினார். சிறை போனிலிருந்து தன்னை போலீஸ் என்றும் அரசு வக்கீல் என்றும் சொல்லி, வழக்கு விவரத்தைக் கறந்துவிட்டார்!

நம்ம ஊரில் அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. பேப்பரில் வந்த செய்தி போதும். அதனால் அந்தச் சாட்சியின் வாக்குமூலத்தையும் (நகல் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்) அதற்கு முன் வந்த செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பேப்பரில் வந்த தப்பு அவர் பேச்சிலும் இருந்தால் அது தங்கம்.

அப்புறம் அந்த வாய்க்கால். பி.ஏ.பி.யில் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். சம்பவத்தன்று அந்த மடையில் தண்ணீர் ஓடியதா? நீர்வளத் துறையில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். காய்ந்த வாய்க்காலில் 'தண்ணியில வீசினான்' என்றால் குறுக்கு விசாரணையில் மீதியை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

இருவரும் ஒரே பிளாக்கில் இருந்த நாட்களைச் சிறைப் பதிவேடு காட்டும். அதை நீதிமன்றம் மூலம் வரவழைக்க வக்கீல் மனுப் போடலாம். அந்தச் சாட்சிக்கு ஜாமீன் எப்போது கிடைத்தது, அரசுத் தரப்பு எதிர்த்ததா, கேட்டு எத்தனை நாள் கழித்து போலீஸிடம் சொன்னார்? என் அனுபவத்தில் வழக்கு சாய்வது இந்தத் தேதிகளில்தான். 'அவன் பொய்யன்' என்று கோர்ட்டில் கத்துவதால் பைசா பிரயோஜனம் இல்லை.

அவர் உங்கள் அண்ணனோடு குற்றம் சாட்டப்பட்டு, மன்னிப்பு வாங்கிய அப்ரூவராக இருந்தால் கதை வேறு. நீங்கள் எழுதியதில் அப்படித் தெரியவில்லை.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். அந்தச் சாட்சியின் வீட்டுப் பக்கம் மட்டும் நீங்களோ உறவுக்காரர்களோ போய்விடாதீர்கள். சாட்சியை மிரட்டியதாகப் புதுக் கேஸ் வரும். அடுத்த தடவை மனுப் போட்டுப் பார்க்கப் போகும்போது, உள்ளே யாரிடமும் வழக்கைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.