நழுவிய கண்ணி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். குன்னூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நீங்கள் நடத்தும் பின்னல் வகுப்பைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். நீங்களே ஒரு ஸ்வெட்டரைப் பின்னி முடிப்பதைவிட, இன்னொருத்தி முதல் வரிசையை முடிப்பதைப் பார்ப்பதில்தான் உங்களுக்குச் சந்தோஷம் என்று சொல்லியிருந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், என்னால் அதை நம்ப முடியவில்லை. எனக்குப் பின்னல் என்பது நான் தனியாக இருக்கிற நேரம். அம்மா ஊட்டியில் ஆசிரியையாக இருந்தபோது எனக்குக் கற்றுத்தந்தது. இப்போது கோவையில் எங்கள் அபார்ட்மென்ட்டில், நான் பால்கனியில் உட்கார்ந்து பின்னுவதைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டதும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் மறுபடி கேட்கவில்லை.

எனக்குப் பின்னத் தெரியுமே தவிர சொல்லிக்கொடுக்கத் தெரியாது. என் சொந்த அக்காவின் மகளுக்கு ஒருமுறை மஃப்ளர் பின்னக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்து, கடைசியில் முழுவதையும் நானே பின்னிக் கொடுத்தேன். அதோடு, திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது, கோவை வெயில் வேறு. கடையில் முந்நூறு ரூபாய்க்கு ஸ்வெட்டர் கிடைக்கும்போது இதைக் கற்றுக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள்? இதில் வருமானம் வருமா என்று ஒரு பெண் கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்ல?

அன்புடன்,
எம்., கோவை

---

அன்புள்ள எம்.,

மஃப்ளர் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நன்றாகப் பின்னத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான் அது. எதிரில் ஒரு கை தடுமாறினால் நம் கை தானாக நீண்டுவிடும். “இங்க குடு” என்று வாங்கி, நாலு கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், பின்னி, சரிசெய்து திருப்பிக் கொடுப்போம். துணி சரியாகிவிடும், ஆனால் அவளுக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. என் வகுப்பில் எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒரு கட்டுப்பாடு உண்டு. கற்பவர் கையில் இருக்கும் ஊசியை நான் தொடுவதில்லை. காட்ட வேண்டியதை என் ஊசியில், என் நூலில் செய்து காட்டுவேன். எத்தனை முறை வேண்டுமானாலும் காட்டுவேன். அவர் ஊசி அவர் கையிலேயே இருக்கும்.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். பேரனுக்குக் குல்லா பின்னிக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவி, நாலைந்து வரிசை கீழே இறங்கிவிட்டது. அது இறங்கிய தடம் முழுக்க நூல் ஏணிப்படி மாதிரி குறுக்குக் குறுக்காகக் கிடந்தது. அவருக்கு முகமே வாடிவிட்டது. “எல்லாம் போச்சு. பிரிச்சிடட்டுமா?” என்றார். நான் நுனியில் கொக்கி உள்ள ஒரு குரோஷே ஊசியை அவர் கையில் கொடுத்தேன். “கீழ தொங்குது பாருங்க, அந்தக் கண்ணிக்குள்ள முன்பக்கமா கொக்கிய விடுங்க. அதுக்கு நேர் மேல இருக்கிற படியப் புடிச்சு, கண்ணிக்குள்ளயே இழுங்க” என்றேன். இழுத்தார். கண்ணி ஒரு படி ஏறியது. இரண்டாவது படிக்கு என்னைப் பார்த்தார், தலையாட்டினேன். மூன்றாவது படிக்கு அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைசிப் படியும் ஏறியதும் கண்ணியை இடது ஊசியில் மாட்டிவிட்டு, அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். “எங்க விழுந்துச்சுன்னே தெரியலயேம்மா!”

அது முதல் பாதி. பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் “ஐயோ” என்றாள். நான் எழுந்து போவதற்குள் அந்த அம்மா பையிலிருந்து கொக்கியை எடுத்து நீட்டிவிட்டார். “நீயே புடி பாப்பா. நான் சொல்றேன், நீ இழு.” நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டேன்.

நீங்கள் நம்ப முடியவில்லை என்று சொன்ன சந்தோஷம் இதுதான், எம். பின்னி முடித்த ஸ்வெட்டர் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதை அடுத்து நான் செய்ய ஒன்றுமில்லை. விழுந்த கண்ணியை எடுக்கத் தெரிந்த ஒரு கையோ, நான் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். பயம் போய்விட்டால் அந்தப் பெண் எதை வேண்டுமானாலும் பின்னுவாள். அதனால்தான் பிழை வந்த பிறகு திருத்தக் கற்றுக்கொடுப்பதைப் பின்னக் கற்றுக்கொடுப்பதைவிடப் பெரிய வேலையாக நினைக்கிறேன்.

கைவேலைகளில் இவ்வளவு பயமில்லாமல் பழகக்கூடியது வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தையலில் கத்தரி போட்ட துணி போட்டதுதான். பின்னலில் எதுவும் வீணாவதில்லை. முழுவதும் ஒரே நூல். நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் திரும்பி வந்துவிடும். மலையில் பல வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்ததும் சின்னதாகிப்போன ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, அலசி, கனமாக எதையாவது கட்டித் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். சுருள் நிமிர்ந்ததும் அடுத்த பிள்ளைக்கு அதே நூலில் பின்னிவிடுவார்கள். முதல் வகுப்பில் நான் இதைச் சொல்லிவிடுவேன். சொன்னதும் தோள்கள் கொஞ்சம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாளுக்கு வெளிர் நிற நூல் வாங்குங்கள். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், ரோமம் எழும்பி நிற்கும் நூலும் வேண்டாம். கண்ணி கண்ணுக்குத் தெரியாவிட்டால் எதைத் திருத்துவது? ஊசி எட்டாம் நம்பர், அதாவது நான்கு மில்லிமீட்டர். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பெரிய நம்பர்தான் தடிமன் என்று பன்னிரண்டை வாங்கிவந்துவிடுவார்கள். ‘போனி’ என்று பெயர் போட்ட ஊசி கிடைத்தால், அதன் ஊர் எங்கள் மலைதான் என்றும் சொல்லுங்கள். ஊட்டி ரயில் பாதையில் கேத்திக்குப் பக்கத்தில், எல்லநள்ளியில் இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையின் வணிகப் பெயர் அது. வெளிநாட்டுக் கடைகளிலும் போனி ஊசி விற்கிறது. எனக்கு அதில் நியாயமான பெருமை உண்டு.

இருபது கண்ணி போட்டு, எல்லா வரிசையும் நிட், அதாவது நேர்க்கண்ணி, மட்டும் பின்னச் சொல்லுங்கள். அதன் மறுபக்கமான பர்ல் இப்போது வேண்டாம். மூன்றாவது, நான்காவது வரிசையில் யாராவது “எனக்கு மட்டும் இருபத்திமூணு ஆயிடுச்சு” என்பார்கள். உடனே வரிசையின் முதல் கண்ணியைப் பாருங்கள். நூலை ஊசிக்கு மேலே தூக்கி இழுத்திருப்பார்கள். அப்படி இழுத்தால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலே ஏறி, ஊசியில் இரண்டு கண்ணி மாதிரித் தெரியும். அவர்களும் இரண்டாக நினைத்துப் பின்னிவிடுவார்கள். நூலைக் கீழே, பின்பக்கமாக இழுத்துக் காட்டுங்கள், அந்த இரண்டு ஒன்றாகிவிடும். இதைப் பார்த்ததும் எல்லோருமே சிரித்துவிடுவார்கள். அங்கிருந்துதான் துணியை வாசிக்க ஆரம்பிக்கிறார்கள் என்பேன்.

அந்த முதல் துண்டைத் தூக்கிப்போட விடாதீர்கள். விரித்து வைத்துப் பார்த்தால் அடியில் குறுகலாகவும், மேலே போகப்போக அகலமாகவும் இருக்கும். ஆரம்பத்தில் நூலை நெரித்துப் பிடித்த கை, வரிசைக்கு வரிசை தளர்ந்திருப்பது அதில் பதிவாகியிருக்கும். கண்ணி எண்ணிக்கை ஒன்றேதான். என் அலமாரியில் மற்றவர்கள் விட்டுப்போன அப்படிப்பட்ட துண்டுகள் நிறைய இருக்கின்றன. நானே பின்னிய சால்வைகளைவிட அவற்றைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் இடது கைக்காரியாக இருந்தால் எதிரில் உட்காருங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல உங்களைப் பார்த்துச் செய்வாள். மற்றவர்களுக்கு எதிரே உட்கார்ந்தால் குழப்பம்தான், பக்கத்தில் உட்காருங்கள். நூலை வலது கையில் பிடிப்பதா இடது கையிலா என்று சண்டை வேண்டாம். வெலிங்டன் ராணுவக் குடியிருப்பிலிருந்து எங்கள் வகுப்புக்கு வரும் இமாசலப் பெண் பிடிக்கிற விதம் வேறு, நான் பிடிக்கிற விதம் வேறு. அவர் என்னைவிட வேகம்.

வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உலகத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பின்னல்களில் பல, எகிப்தில் கிடைத்த காலுறைகள். ஆயிரம் ஆண்டுப் பழமையை நெருங்குபவை. பருத்தி நூலில், வெள்ளையும் நீலமுமாகப் பின்னியவை. கம்பளிக்கும் குளிருக்கும் மட்டும் பிறந்த வேலை அல்ல இது. கோவையில் பருத்தி நூலுக்கா பஞ்சம்? பச்சைக்குழந்தைக்குக் காலுறை, பாத்திரம் துடைக்கும் துணி, கைப்பை என்று பருத்தியிலேயே ஆரம்பிக்கலாம். சென்னை வெயிலில்தானே 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையைச் சேர்த்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். குரோஷேவுக்கு ஒரே கொக்கி, நமக்கு இரண்டு ஊசி. ஆனால் ஊருக்கு வெயில் ஒன்றுதான்.

திருப்பூர் பக்கத்தில் இருப்பதை நான் வசதி என்பேன். வகுப்புக்கு ஒரு பழைய பனியனும் பூதக்கண்ணாடியும் எடுத்துப்போங்கள். வெளிப்பக்கம் ‘வி’ வடிவங்கள் நெடுக அடுக்கியிருக்கும், உள்பக்கம் சிறுசிறு அலைகள். நீங்கள் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னும் துணியும் அதேதான். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார், கையால் ஊசியில் பின்னும் வேலையைச் செய்ய ஒரு சட்டக இயந்திரம் செய்தார். இன்றைய பின்னல் இயந்திரங்களுக்கு அதுதான் மூதாதை. வருடம் முழுவதும் உடம்பில் போட்டிருக்கும் துணி எப்படி உண்டாகிறது என்று ஒருவருக்கு முதன்முதலாகத் தெரியும்போது அவர் முகத்தைப் பாருங்கள். “அட, இதுவும் நாம பின்றதும் ஒண்ணா?” என்பார்கள்.

இனி வருமானம். அந்தப் பெண்ணுக்கு உண்மையைச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஸ்வெட்டர் ஒன்றுக்கு அரைக் கிலோ நூல்வரை ஆகும், வாரக்கணக்கில் வேலை இருக்கும். ஊட்டியில் திபெத்தியர் கடைகளில் தொங்கும் லூதியானா மில் ஸ்வெட்டரோடு விலையில் போட்டிபோட முடியாது. கைவேலைக்கு விலை கொடுக்கத் தயாராக இருக்கும் ஆள் கிடைத்தால் மட்டுமே பணம். நம் பக்கத்திலேயே அப்படிக் கிடைத்த வரலாறும் உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி, பள்ளிச் சிறுமிகளுக்குத் தலையணைமேல் நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை இருந்தது. லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட சிறுமிகள் அந்தப் பள்ளியில் இருந்திருக்கிறார்கள். இதை நான் வகுப்பில் சொல்லத் தவறுவதில்லை. கூடவே, வாங்கும் ஆட்களைத் தேடிப் பிடித்ததும் மிஷன்தான் என்பதையும் சொல்வேன். கற்றுக்கொடுப்பவர் வாக்குக் கொடுத்துவிட்டுச் சந்தையை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது எனக்குச் சம்மதமில்லை. நீங்கள் விற்க வழிசெய்ய முடியாது என்றால், வருமானம் வரும் என்று சொல்லாதீர்கள். நூல் காசு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த ரயில்வே பெரியவர். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அவர் மறுபடி கேட்கவில்லை என்ற வரிதான்.

பெரு நாட்டில், டிட்டிகாகா ஏரிக்குள் டகீலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே பின்னல் ஆண்களின் வேலை. பெண்கள் நெய்வார்கள், நூற்பார்கள். சிறுவயதிலேயே பையன்கள் காதை மூடும் குல்லா பின்னக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். நடந்துகொண்டே பின்னுகிற ஆண்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். டகீலேயின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அங்கே போய் இதைப் பெண்கள் வேலை என்று சொன்னால் என்ன சொல்கிறீர்கள் என்றே அவர்களுக்குப் புரியாது.

அமெரிக்காவில், மேரிலாந்தின் ஜெஸப் என்ற ஊர்ச் சிறையில் லின் ஸ்வெர்லிங் என்ற ஓய்வுபெற்ற பெண் ஆண் கைதிகளுக்குப் பின்னல் கற்றுக்கொடுக்க 2009இல் போனார். அதற்குமுன் சிறை அதிகாரிகள் பலர் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆண்கள், அதுவும் கைதிகள், உட்கார்ந்து பின்னுவார்களா என்பதுதான் அவர்கள் கேள்வி. பின்னினார்கள். துயரத்தில் இருக்கும் குழந்தைகளுக்குப் பொம்மைகளும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் குல்லாக்களும் அங்கிருந்து போயின. நான் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வதற்குக் காரணம், அந்த அம்மாள் விடாமல் கேட்டதுதான். கற்க வந்தவர்கள் கேட்கக் கூச்சப்படும் இடத்தில், கற்றுக்கொடுப்பவர்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே அவரை நீங்களே போய்க் கூப்பிடுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம், அவர் வீட்டுக்குப் போய், “சார், சனிக்கிழமை ஆரம்பிக்கிறோம், வாங்க” என்று சொன்னால் போதும். எட்டாம் நம்பர் ஊசி வாங்கும்போது அவருக்கும் சேர்த்து ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள்.

அன்புடன்