பிரிட்டன் அறக்கொடைக் கடைகளில் (மக்கள் கொடுத்த பழைய பொருள்களை விற்று அறப்பணிக்குப் பணம் திரட்டும் கடைகள்) பழைய எல்பி இசைத்தட்டுகளுக்கு எப்படி விலை வைப்பது?

உறையைப் பார்த்து மட்டும் விலை ஒட்டாதீர்கள், தட்டை வெளியே எடுங்கள். நடு லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணும் லேபிளும்தான் அது எந்தப் பதிப்பு என்று காட்டிக்கொடுக்கும். 1963இல் பார்லஃபோன் நிறுவனம் வெளியிட்ட பீட்டில்ஸ் இசைக்குழுவின் முதல் எல்பியில், கறுப்பு லேபிளில் தங்க எழுத்து இருந்தால் முதல் பதிப்பு, பெரும் விலை பெறும். மஞ்சள் எழுத்து பின்னால் வந்தது. விலை பல மடங்கு குறைவு.

மேட்ரிக்ஸ் எண்ணை, இசைத்தட்டுகள் விற்கப்படும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தேடி, விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள். பல கடைகள் சறுக்குவது இங்கேதான். அங்குள்ள உச்ச விலை கீறலே இல்லாத தட்டுக்கு உரியது. விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் பாட்டு ஓடும்போதும் கேட்கும். அதற்குப் பாதி விலைகூட அதிகம்.

விலைச்சீட்டை அட்டையில் நேராக ஒட்டவே கூடாது, உரிக்கும்போது அச்சும் சேர்ந்து வந்துவிடும். பிளாஸ்டிக் மேலுறை போட்டு அதன்மேல் ஒட்டுங்கள். தட்டைக் கொடுத்தவர் கிஃப்ட் எய்ட் (கொடைக்கு அரசு கூடுதல் தொகை தரும் வரித் திட்டம்) படிவம் நிரப்பியிருந்தால் அதற்கான ஒட்டியையும் மறக்காதீர்கள்: பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாகக் கிடைக்கும்.